ஹீட்டர் தேவையில்லாத ஊர்

மாரிக்கண்ணுவின் வேன் பெருமாள்ராஜின் கைக்கு முதன்முதலாக வந்தது சித்திரைக் கடைசியில். கத்திரி வெயிலில் தார் ரோடு இளகி, வண்டிச் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டு சரசரவென்று சத்தம் போட்ட நாட்கள். சேரன்மகாதேவி ரோட்டில் பேட்டையைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் இருக்கிற தகரக் கொட்டகைதான் ஷெட். கார், வேன்களுக்கு ஏசி பார்ப்பது மட்டும்தான் அங்கே வேலை. முதலாளி அசன் மைதீன், ஐம்பது வயதுக்காரர். வேலையைச் செய்கிறவன் பெருமாள்ராஜ்; அவனுக்கு இருபத்தேழு முடிந்திருந்தது.

"உள்ள ஏறுனா பாகு காய்ச்சுத வாடை அடிக்குலே," என்றான் மாரிக்கண்ணு. வேனுக்கு அவனே உரிமையாளன், அவனே டிரைவர். சேரன்மகாதேவிக்காரன். "கல்யாண வீட்டுக்காரவுக சிரிச்சிட்டே ஏறுதாவ, இறங்கும்போது தலைவலின்னு இறங்குதாவ. ரெண்டு கடையில கேஸ் ஏத்தியாச்சு. மூணாவது கடைக்காரன் உள்ள எலி செத்துக் கெடக்குங்கான். எலி செத்தா இனிக்கவாலே செய்யும்?"

பெருமாள்ராஜ் சிரித்துவிட்டு, தன் வரிசையைத் தொடங்கினான். பழுது என்னவென்று பார்த்த உடனேயே தெரிந்துவிட்டாலும் தெரியாதவன்போலத்தான் அவன் தொடங்குவான். தன் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அதனால் வரிசையை நம்பினான். வாடை எப்போது வருகிறது, வண்டி சூடாவதற்கு முன்பா பின்பா? ஏசியை நிறுத்தினாலும் வருகிறதா? கண்ணாடியில் ஏதாவது படிகிறதா? ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா? உள்ளே எந்தப் பக்கம் ஈரம்? கடைசியாக, வண்டி எந்தெந்த ரூட்டில் ஓடுகிறது?

"அம்பை, தென்காசி, திருச்செந்தூர். கல்யாணம், காதுகுத்து, சடங்கு. வேற எங்க போவப் போவுது நம்ம தேரு," என்று சொல்லிவிட்டு மாரிக்கண்ணு எதிர்க்கடைக்கு சர்பத் குடிக்கப் போனான்.

பெருமாள்ராஜ் இடது முன் சீட்டின் கீழே விரிப்பைத் தூக்கினான். சொதசொதவென்று இருந்தது. ஏசியிலிருந்து வடிகிற தண்ணீராக இருந்தால் வெறும் தண்ணீர்தான். இதை விரலில் தொட்டுத் தேய்த்தபோது வழுக்கியது. மோந்தால் இனிப்பு வாடை. முன் கண்ணாடியின் உட்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்தான். எண்ணெய்ப் பிசுக்கில் கோடு பளிச்சென்று விழுந்தது. இன்ஜினைக் குளிர்விக்க ஓடுகிற கூலன்ட் உள்ளே கசிகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் சின்ன ரேடியேட்டர்போல ஒன்று இருக்கும். இன்ஜினின் சூட்டு நீர் அதற்குள் ஓட, அதன்மேல் காற்று அடித்து வெதுவெதுப்பாக உள்ளே வரும். ஹீட்டர். அது ஓட்டையாகியிருந்தது. மூன்று கடைக்காரர்கள் கண்டுபிடிக்காததைத் தான் கண்டுபிடித்துவிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் வந்தது.

"மாத்தணும்னா டேஷ்போர்டு பூராவும் கழட்டணும் பாய். ரெண்டு நாள் ஆவும். பொருளு மதுரையிலருந்து வரணும்."

அசன் மைதீன் செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலையில அவனுக்குக் கல்யாண ட்ரிப்பு இருக்குங்கான். சுத்திக் கட்டி விடுலே. இந்த ஊர்ல எவனுக்கு ஹீட்டரு? ஊரே ஹீட்டராத்தான இருக்கு."

அவர் சொன்னதில் புதிதாக ஒன்றும் இல்லை. திருநெல்வேலியில் எல்லா ஷெட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். ஹீட்டருக்குப் போகிற குழாயையும் வருகிற குழாயையும் கழற்றி, ஒரு வளைந்த பைப்பால் இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் சூட்டு நீர் உள்ளே போகாமலே திரும்பிவிடும். கசிவு நின்றுவிடும். ஏசி எப்போதும்போலக் குளிரும். இருபது நிமிட வேலை. பெருமாள்ராஜே அதுவரை முப்பது, நாற்பது வண்டிகளுக்குச் செய்திருப்பான். இதற்கும் செய்தான். கண்ணாடியின் பிசுக்கைக் கழிவுத் துணியால் ஒப்புக்குத் துடைத்துவிட்டான்.

மாரிக்கண்ணு திரும்பி வந்தபோது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முகத்தைக் காற்றுக்கு நேரே வைத்துக் கண்ணை மூடினான்.

"சரியாயிட்டுண்ணே. இனி வாடை வராது," என்றான் பெருமாள்ராஜ்.

அவ்வளவுதான் சொன்னான். பிறகு எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்தும் அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதாக அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

மாரிக்கண்ணு உடனே போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டான். "எக்கா, வண்டி சரியாயிட்டு. இனிமே ஒன் தலைவலிய சாக்குச் சொல்லாத, கீழ வா ஒருநாளு." போனை வைத்துவிட்டு, "மலையில எஸ்டேட்டுல இருக்கா," என்றான். "வெயிலு ஆவாது. கீழ வந்து ஏறுனா முன் சீட்டுதான். அத இப்பிடித் திருப்பு, இத அப்பிடித் திருப்புன்னு என்ன ஒரு வழி பண்ணிருவா."

அக்காவின் பெயர் பொன்செல்வி. அம்மா இறந்தபின் பன்னிரண்டு வயது மாரிக்கண்ணுவைத் தன்னோடு வைத்து வளர்த்தவள் அவள்தான் என்பதெல்லாம் பெருமாள்ராஜுக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஐப்பசியில் தேயிலை எஸ்டேட்டில் வேலை நின்றுபோனது. தொழிலாளர்களின் லயன் வீடுகளை ஒவ்வொரு குடும்பமாகக் காலி செய்துகொண்டு இறங்கினார்கள். பொன்செல்வியின் புருஷன் செந்தூர்பாண்டி, கட்டில் பீரோவோடு லாரியில் முன்னால் இறங்கி, கல்லிடைக்குறிச்சியில் பிடித்திருந்த வாடகை வீட்டில் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். மிச்சம் மீதிப் பாத்திரங்களையும் பொன்செல்வியையும் பக்கத்து லயன்காரி ஜெபராணியையும் ஏற்றிக்கொண்டு வர மாரிக்கண்ணு வேனோடு மேலே போனான். முந்தின நாள் பூராவும் திருச்செந்தூர் ட்ரிப் ஓட்டியிருந்தான். இறங்கும்போது சாயங்காலம் நான்கு மணி. மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. மணிமுத்தாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் வேன் திரும்பாமல் நேரே போய் இடது பக்கம் பாறையில் மோதியது. பொன்செல்வி அந்த இடத்திலேயே போய்விட்டாள். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே இருந்த ஜெபராணிக்கு விலாவில் அடி. மாரிக்கண்ணுவுக்குத் தலையிலும் இடது கையிலும் அடி. இரண்டு நாள் நினைவு தப்பிக் கிடந்தான். கண் விழித்தபோது அக்காவை எரித்தாகிவிட்டிருந்தது. மேலே போய் டீ குடித்தது வரைக்கும்தான் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

பெருமாள்ராஜ் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அப்போதுகூட அந்த இரண்டு குழாய்கள் அவன் நினைவுக்கு வரவில்லை.

பதினோராம் நாள் மாரிக்கண்ணுவின் மனைவி இசக்கிச்செல்வி ஷெட்டுக்கு வந்தாள். பஸ்ஸில் வந்து இறங்கி, கொட்டகை ஓரமாகவே நின்றாள்.

"தம்பி, வண்டிய நீங்கதான அடிக்கடி பாப்பிய. அதுல ஏதும் கோளாறு இருக்கான்னு ஒரு எட்டு பாக்குதியளா?"

"ஆர்டிஓ ஆளுங்க பாத்தாவல்லாக்கா?"

"பாத்தாவ. பிரேக்கு நல்லாருக்கு, ஸ்டியரிங்கு நல்லாருக்குன்னு எழுதிட்டாவ. அப்போ டிரைவரு தூங்கிட்டான்னுதான் அர்த்தமாம். ஜெபராணி மதினியும், கொட்டாவி விட்டுக்கிட்டே ஓட்டுனான்னு சொல்லிட்டா. பொய் சொல்லல அவ, பாத்தத சொல்லிட்டா." மூக்கைச் சேலையால் துடைத்துக்கொண்டாள். "இவுகளும் அதையே நம்பிட்டாவ. நான் தூங்கித்தான் எங்க அக்காவக் கொன்னுட்டேன்னு சுவரப் பாத்துப் படுத்தா எந்திரிக்க மாட்டேங்காவ. பதினாறு வருதுல்லா. முப்பிடாதிக்கு இவுகதான உருமா கட்டணும். செந்தூர்பாண்டி அண்ணன், அவன் எங்க வாசப்படி மிதிக்கப்படாதுன்னு ஆள் விட்டுச் சொல்லிட்டாரு."

முப்பிடாதி பொன்செல்வியின் ஒரே மகன். இருபத்துமூன்று வயது, கோயம்புத்தூரில் மில் வேலை. தாய் செத்தால் பதினாறாம் நாள் மகனுக்குத் தாய்மாமன் தலையில் உருமா கட்ட வேண்டும். புதுத் துண்டு, ஒரு முடிச்சு. அதைக் கட்டினால்தான் மகன் துக்கத்திலிருந்து எழுந்ததாகக் கணக்கு. தாய்மாமன் இருக்கும்போது வேறொருவன் கட்டினால், அந்தத் தாய்மாமன் செத்தவனுக்குச் சமம்.

"ஒரு போல்ட்டு நட்டாவது கழண்டு கெடக்கான்னு பாருங்க தம்பி. அவுக தூங்கலன்னு யாராவது சொல்லணும்."

மறுநாள் காலை அவன் போனான். போலீஸ் விடுவித்த வேனை சேரன்மகாதேவியில் ஒரு டிங்கரிங் பட்டறையின் பின்புறம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். சுற்றிலும் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. பாயை விலக்கியபோது இடது பக்க முகம் பூராவும் உள்ளே அமுங்கியிருந்தது. கண்ணாடி இடது ஓரத்தில் நொறுங்கிக் குழிந்து, மற்ற இடத்தில் சிலந்தி வலைபோல விரிசல் விட்டு, ஆனாலும் விழாமல் நின்றது.

பிரேக்கைப் பற்றி அவனுக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, ஏசியின் குமிழ்களைப் பார்த்தான்.

காற்றின் வேகம் நான்கில் இருந்தது. அதற்கு மேல் அதில் எண் இல்லை. காற்றின் திசை முன் கண்ணாடிக்கு. ஏசி பொத்தான் அணைந்திருந்தது. மூன்றாவது குமிழ், குளிரிலிருந்து சூட்டுக்குத் திருப்புவது. அவன் பார்த்த அத்தனை வண்டிகளிலும் அது நீலக் கோட்டிலேயே கிடந்து, சில வண்டிகளில் துருவேறித் திரும்பாமலே போயிருக்கும். இந்த வண்டியில் அது சிவப்பின் கடைசிக்குத் திருகியிருந்தது.

பெருமாள்ராஜ் நிமிர்ந்தான். பிறகு வண்டிக்கு முன்னால் போய், நசுங்கிய இன்ஜின் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே கையை விட்டுத் துழாவினான். வளைந்த பைப் தட்டுப்பட்டது. அதை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு கிளாம்ப்புகளும் அவன் முறுக்கியபடியே இறுக்கமாக இருந்தன. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. நல்ல வேலை.

மலையில் குளிர், வெளியே மழை, ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கும், நனைந்த ஆட்கள், நனைந்த மூட்டைகள். முன் கண்ணாடி உள்ளே ஆவி படிந்து பூத்துப் பாலாகிவிடும். அந்த நேரத்தில்தான் ஹீட்டர் வேண்டும், ஆளுக்குக் குளிர் போக்க அல்ல, கண்ணாடியைத் தெளிய வைக்க. எஸ்டேட்டில் வளர்ந்த மாரிக்கண்ணுவுக்கு அது தெரியும். குமிழைச் சிவப்புக்குத் திருகியிருக்கிறான். காற்றை முழு வேகத்தில் வைத்திருக்கிறான். வந்ததெல்லாம் ஈரக் காற்று. ஏசியைப் போட்டிருந்தாலாவது கொஞ்சம் தெளிந்திருக்கும். குளிரில் அது யாருக்குத் தோன்றும்?

ஒருவேளை மோதிய வேகத்தில் குமிழ் தானாகத் திரும்பியிருக்குமோ? அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தான். அப்படி நினைத்ததற்காகவே இன்னும் கவனமாகப் பார்த்தான். கையால் திருப்பிப் பார்த்தான். நீலத்திலிருந்து சிவப்புக்குப் போக விரலுக்கு வலுவாகவே முறுக்க வேண்டியிருந்தது. தானாகத் திரும்பாது.

பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியின் உட்பக்கம் வாயால் ஊதினான். ஊதிய இடம் பூத்தது. சித்திரையில் அவன் சரியாகத் துடைக்காமல் விட்ட பிசுக்கு இன்னும் இருந்தது. அதில் வளைவு வளைவாகத் துணித் தடங்கள் தெரிந்தன. யாரோ திரும்பத் திரும்பத் துடைத்திருக்கிறார்கள். அவனும் கையை நீட்டி, துடைப்பதுபோல அசைத்துப் பார்த்தான். அவன் கை போன வளைவு வேறு, தடத்தின் வளைவு வேறு. மறுபடியும் ஊதினான். மறுபடியும் கையை அசைத்தான். ஒத்து வரவில்லை.

இடது சீட்டில் உட்கார முடியாது, அது நசுங்கியிருந்தது. நடுவில் முட்டி போட்டு, இடது பக்கமாகச் சாய்ந்து வலது கையை டிரைவரின் கண்ணுக்கு நேரே நீட்டினான். அப்போது தடம் கையோடு ஒத்துப்போனது. அந்த இடத்தை எட்ட வேண்டுமானால் சீட்டில் முதுகை வைத்து உட்கார்ந்திருக்க முடியாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, எழுந்து, முன்னால் சரிந்து நிற்க வேண்டும்.

தம்பிக்கு ரோடு தெரியவில்லை என்று அக்கா துடைத்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

அவன் தார்ப்பாயை இழுத்து மூடினான். கயிற்றை இழுத்துக் கட்டினான்.

ஷெட்டில் அசன் மைதீனிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் விசிறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நான்தானலே சுத்திக் கட்டச் சொன்னேன்," என்றார் கடைசியில்.

"கட்டுனது நான்லா பாய்."

"எல்லாப் பயலும் இதத்தான் செய்யுதான். நாளைக்கு ஒனக்குப் பதிலா நானே போயிச் சொன்னாலும், செத்தவ வரப்போறதில்ல. ஒன்னப் பிடிச்சுக் கேஸு போட்டான்னா?"

"போடட்டும். அண்ணன் தூங்கலல்லா."

அவர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துபோனார். போகும்போது, "பைய சொல்லு. போட்டு உடைச்சிராத," என்றார்.

மாரிக்கண்ணு தன் வீட்டில் நிஜமாகவே சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தான். இடது கையில் முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. தாடி வளர்ந்திருந்தது. பெருமாள்ராஜ் தரையில் உட்கார்ந்து, ஹீட்டரைப் பற்றி, பைப்பைப் பற்றி, சிவப்புக்குத் திருகியிருந்த குமிழைப் பற்றி வரிசையாகச் சொன்னான். கண்ணாடியில் பார்த்த தடத்தைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருந்தான். வாய் வரவில்லை.

மாரிக்கண்ணு மெதுவாகத் திரும்பினான்.

"அப்போ நான் முழிச்சிருந்தனா?"

"முழிச்சுதாண்ணே இருந்திருக்கிய. தூங்குதவன் எதுக்குக் குமிழத் திருகப் போறான்."

"ஹீட்டரு வராதுன்னு நீ எங்கிட்ட சொன்னியாலே?"

"சொன்ன மாதிரி ஞாபகம் இல்லண்ணே. சொல்லியிருந்தா நீங்க திருகியிருக்க மாட்டிய."

கதவோரம் நின்ற இசக்கிச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அவள் கேட்க நினைத்தது அதுதான். மாரிக்கண்ணு அழவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"முழிச்சிருந்தேன்," என்றான். "கண்ணு தெரியல. தெரியலன்னா வண்டிய ஓரமா நிப்பாட்ட வேண்டியதுதான. ஏன்லே நிப்பாட்டல நான்?"

அந்த ரோட்டில் ஓரம் என்று ஒன்று இருந்திருக்காது, இருட்டுவதற்குள் வனத்துறை செக்போஸ்டைத் தாண்ட வேண்டியிருந்திருக்கும் என்று என்னென்னவோ சொல்ல நினைத்தான் பெருமாள்ராஜ். எதையும் அவன் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்ல அவனுக்குத் தெரியாது.

"நீ போ," என்றான் மாரிக்கண்ணு. கோபமாகச் சொல்லவில்லை. "ஒம்மேல எனக்கு என்ன தோணுதுன்னு எனக்கே தெரியல. போ."

பதினான்காம் நாள் பெருமாள்ராஜ் கல்லிடைக்குறிச்சிக்குப் போனான். செந்தூர்பாண்டியின் வாடகை வீட்டு முற்றத்தில் மலையிலிருந்து வந்த சாமான்கள் இன்னும் பிரிக்காமல் கிடந்தன. கம்பளி மூட்டைகள் இரண்டை வெயிலில் போட்டிருந்தார்கள். இந்த ஊரில் அவற்றுக்கும் வேலை இல்லை. செந்தூர்பாண்டி ஒரு பழைய பலகையில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"யாரு?"

"பேட்டையில ஏசி மெக்கானிக்கு, அண்ணாச்சி. மாரிக்கண்ணு அண்ணன் வண்டிய நான்தான் பாத்தேன்."

"அவனுக்கு வக்காலத்து வாங்க வந்தியோ?"

"இல்ல அண்ணாச்சி. என் தப்பச் சொல்ல வந்தேன்."

செந்தூர்பாண்டி சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டார். பெருமாள்ராஜ் சொல்லி முடித்ததும் அடுத்த ஆணியைப் பிடுங்கினார். அது வளைந்து வந்தது.

"எம் பொண்டாட்டி முப்பது வருசம் அந்த மலையில மழையில நனஞ்சா. ஒரு காய்ச்சல்னு படுத்தவ இல்ல. இருபது நிமிசத்துல நீ ஒரு குழாயச் சுத்திக் கட்டிட்டே."

"ஆமா அண்ணாச்சி."

"ஆமாங்கியே. வேற ஏதாவது சொல்லுலே. இல்லன்னு சொல்லு, சண்டை போடு. எனக்குக் கையி பரபரங்குது."

செந்தூர்பாண்டி சுத்தியலைப் பலகையின் மேல் வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பய கண்ணாடியத் துடைக்கவாவது செஞ்சானா? ஒரு துணி வச்சிருந்திருப்பான்லா?"

இதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆனால் கேட்டவர் செத்தவளின் புருஷன். அவள் கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தாள் என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பாத்தியதை இருக்கிறது என்று பெருமாள்ராஜுக்குத் தோன்றியது.

"துடைச்சது அவரு இல்ல அண்ணாச்சி." தடங்களைப் பற்றிச் சொன்னான். தான் ஊதிப் பார்த்ததை, கையை நீட்டிப் பார்த்ததை, முட்டி போட்டுச் சாய்ந்ததைச் சொன்னான். "இடது பக்கத்திலருந்துதான் கை வந்திருக்கு. பெல்ட்டுப் போட்டுக்கிட்டு அங்க எட்டாது."

தெருவில் அப்பளக்காரி ஒருத்தி கூவிக்கொண்டு போனாள். அவள் குரல் தேய்ந்தபிறகு செந்தூர்பாண்டி சொன்னார்:

"முந்தானையாலதான் துடைச்சிருப்பா. அது ஈரமாத்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில பாத்தப்ப, முந்தானைய இழுத்துக் கையில சுத்தி வச்சிருந்தா. எதுக்குன்னு எனக்குப் பிடிபடல." வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "நான்தான் பிரிச்சு எடுத்தேன்."

பிறகு, "இத அவன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

"இல்ல."

"சொல்லப்படாது."

"அண்ணாச்சி..."

"சொல்லப்படாதுன்னா சொல்லப்படாது. அவ அவனத் தூக்கி வளத்தவ. தனக்காக எந்திரிச்சு நின்னுதான் அக்கா செத்தான்னு தெரிஞ்சா அந்தப் பய ஆத்துல விழுவான். எனக்குத் தெரியும் அவன." குரல் கடினமாகவே இருந்தது. "தூங்கிக் கொன்னுட்டான்னு நெனச்சப்ப அவன் சாவட்டும்னுதான் இருந்துச்சு. இப்ப அவன் செத்தா அவ துடைச்சதுக்கு என்ன அர்த்தம்? பதினாறுக்கு வரச் சொல்லு. நீயும் வரணும். ஹீட்டர் விசயத்த நாலு பேரு முன்னால ஒன் வாயால சொல்லணும். கண்ணாடி விசயம் என்னோட இருக்கட்டும்."

பெருமாள்ராஜ் தலையை ஆட்டினான்.

பதினாறாம் நாள் விடிந்ததும் படித்துறையில் காரியம் முடிந்தது. ஆற்றில் மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. வீட்டு முற்றத்தில் ஜமுக்காளம் விரித்து உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். முப்பிடாதி மொட்டைத் தலையோடு பலகையில் உட்கார்ந்திருந்தான். மாரிக்கண்ணுவை இசக்கிச்செல்வி கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். அவன் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. வாசல்படியில் அவன் தயங்கினான். மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்த படி.

"வா," என்றார் செந்தூர்பாண்டி. பிறகு பெருமாள்ராஜைப் பார்த்தார்.

பெருமாள்ராஜ் எழுந்து நின்றான். ராத்திரி பூராவும் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தது அவனுக்கு மறந்துபோனது. "வண்டியில ஹீட்டர நான்தான் வேலை செய்யாம ஆக்குனேன்," என்று தொடங்கினான். "மலையில கண்ணாடி பூத்திட்டு. அண்ணனுக்கு ரோடு தெரியல. அண்ணன் தூங்கல." இன்னும் ஏதேதோ சொன்னான். மூலையில் ஒரு கிழவர், "சண்டாளப்பய," என்றார். யாரும் அவரை அடக்கவில்லை. விலாவில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஜெபராணி மட்டும், "அவன் கொட்டாவி விட்டத மட்டுந்தான் நான் சொன்னேன், தூங்குனான்னு சொல்லல," என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள்.

மாரிக்கண்ணு புதுத் துண்டைக் கையில் எடுத்தான். மருமகனின் தலையில் சுற்றினான். ஒரு கையால் சுற்ற முடிந்தது, முடிச்சுப் போட முடியவில்லை. மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் துண்டின் முனையைப் பிடிக்க முயன்று நழுவவிட்டன. இரண்டாவது தடவையும் நழுவியது. முப்பிடாதி, "மாமா, பைய," என்றான். அவன் குரல் உடைந்திருந்தது.

செந்தூர்பாண்டி எழுந்து வந்து துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்துக்கொள்ள, மாரிக்கண்ணு ஒற்றைக் கையால் முடிச்சைப் போட்டான். மச்சானும் மைத்துனனும் அவ்வளவு நெருக்கத்தில் நின்றும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெண்கள் உள்ளே சத்தமாக அழத் தொடங்கினார்கள்.

பந்திக்கு இலை போட்டார்கள். சாப்பிட இருப்பதா போவதா என்று தெரியாமல் பெருமாள்ராஜ் வேலியோரம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். மாரிக்கண்ணு பின்னால் வந்து நின்றான்.

"சாப்பிட்டுப் போலே."

"சரிண்ணே."

"ஒண்ணு கேக்கணும்." மாரிக்கண்ணு ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். "கண்ணாடி பூத்திருந்துச்சுன்னியே. யாராவது துடைச்ச தடம் ஏதும் இருந்துச்சா?"

பெருமாள்ராஜ் எடுத்த செருப்பைக் கீழே வைத்தான். தடம் இல்லை என்று சொல்லிவிடலாமா? ஆனால் வேன் இன்னும் பட்டறையில்தான் நிற்கிறது. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். அவன் நிமிர்ந்தபோது, முற்றத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்ற செந்தூர்பாண்டி இவர்களையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"இருந்துச்சுண்ணே."

"யாரு துடைச்சது?"

"நீங்கதான்."

மாரிக்கண்ணு தன் வலது கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். அதில் உருமாத் துண்டின் புது நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

"அப்போ ஸ்டியரிங்குல ஒத்தக் கைதான் இருந்திருக்கு," என்றான். "ஒத்தக் கையால அந்த வளைவத் திருப்ப முடியாதுல்லாலே. அதான் திரும்பல, என்ன?"

பெருமாள்ராஜ் வாயைத் திறந்தான். செந்தூர்பாண்டி செம்போடு அசையாமல் நின்றார். உள்ளே யாரோ சோற்றுக்குச் சாம்பார் ஊற்றச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"இருக்கும்ண்ணே," என்றான்.